காளவாசல் வீடும் கழுத்து வீக்கமும்

அலங்காநல்லூர்
6.11.1983

மலையம்மாளுக்கு,

உன் மதினி அன்னக்கொடி எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பிரிக்காமலே தூக்கிப் போட்டுவிடுவாய் என்று உன் அண்ணனிடம் சொன்னேன். "அவ ஆயுர்வேதம் படிச்சுட்டு கேரளாவுல வைத்தியம் பாக்குறவ. வந்த கடுதாசியப் பிரிக்காம இருக்க மாட்டா. சும்மா எழுது" என்றார். எழுதுகிறேன்.

மாசியில் குலசாமி கோயிலில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. பங்காளிகள் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கறிக்குழம்பு வாளியைத் தூக்கி எறிந்தது என் தப்பு. கண்ணுச்சாமி மாமாவின் வெள்ளை வேட்டி பாழானதும் என்னால்தான். ஆனால் மதுரைக் காளவாசலில் தனியாக வீடு பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதில் என்ன தப்பு? இங்கிருந்து மதுரைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பரவையில் நான் பாடம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பஸ். போகும்போதும் நின்றுகொண்டு, வரும்போதும் நின்றுகொண்டு. போய் நின்றால் நாள் முழுக்க வகுப்பிலும் நிற்க வேண்டும். என் பிள்ளை சோலைக்கு வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பு. டவுனில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. நீயோ எல்லார் முன்னாலும், "இந்த ராங்கியெல்லாம் எங்க அம்மாகிட்ட வச்சுக்கிராதீங்க" என்றாய். சரி, விடு.

எனக்கு உடம்பு சரியில்லை. நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போகிறேன். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தூக்கம் இல்லை. கரும்பலகையில் எழுதினால் கோடு நெளிகிறது, கை அப்படி நடுங்குகிறது. உன்னிடம் மருந்து இருந்தால் அனுப்பு. நாத்தனாரிடம் கேட்கவில்லை, வைத்தியரிடம் கேட்கிறேன்.

அன்னக்கொடி

---

கொல்லங்கோடு
14.11.1983

மதினிக்கு வணக்கம்.

கடிதத்தைப் பிரித்துவிட்டேன். அண்ணன் சொன்னது சரிதான்.

நீங்கள் விடச் சொன்னதை நானும் விட்டுவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு என்னைப் பெண் பார்க்கிற யோசனையோடு இரண்டு பேர் அந்தப் பந்தியில் இருந்தார்கள். வாளி பறந்ததைப் பார்த்துவிட்டு, பேச வந்ததைப் பேசாமலே போய்விட்டார்கள். அதில் எனக்கொன்றும் பெரிய வருத்தம் இல்லை, அந்த மாப்பிள்ளையை நான் கேட்டேனா? ஆனால் அம்மா இரண்டு மாதம் யாரையாவது பிடித்து அதையே சொல்லிச் சொல்லி எனக்கு எழுத வைத்தாள். அந்தக் கோபத்தில்தான் நான் கடிதம் போடவில்லை.

உங்கள் உடம்புக்கு வருவோம். உடம்பு வற்றுவது, தூக்கம் போவது, கை நடுங்குவது எல்லாமே வாதம் கூடியதன் அடையாளம்தான். பஸ்சில் அலைவதும் சேர்ந்துகொண்டது. அமுக்கராங்கிழங்கு சேர்த்த லேகியம் அனுப்புகிறேன். இளைத்த உடம்பைத் தேற்றுவதில் அதற்கு நல்ல பேர். காலையும் இரவும் நெல்லிக்காய் அளவு சாப்பிட்டுவிட்டுப் பால் குடியுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். வேறு ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

சோலையைக் கேட்டதாகச் சொல்லவும்.

மலையம்மாள்

---

அலங்காநல்லூர்
18.12.1983

மலையம்மாளுக்கு,

உன் லேகியத்தை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டேன். பசிதான் எடுக்கிறது. உன் அண்ணன் வயலில் வேலை செய்துவிட்டு வந்து சாப்பிடுவதைவிட நான் கூடச் சாப்பிடுகிறேன். அத்தை சட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சோறும் எங்கிட்டுப் போகுது? திங்கிறது ஒடம்புல ஒட்டலையே" என்கிறார்கள். எடை பார்க்கவே பயமாக இருக்கிறது. நெஞ்சு படபடவென்று அடிக்கிற சத்தம் படுத்தால் தலையணையில் கேட்கிறது.

மார்கழிக் குளிருக்குப் பஸ்சில் எல்லாரும் காதில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் வேர்த்து ஊற்றுகிறது. நான் ஜன்னலைத் திறந்தேன் என்று கண்டக்டர்வரைக்கும் சண்டை வந்துவிட்டது.

அது போகட்டும். போன வாரம் பரவை மார்க்கெட்டில் கத்திரிக்காயை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கிறவள் சொல்கிறாள், "ஏன் டீச்சர் மொறைக்கிறீங்க? வெல கட்டலேன்னா வச்சுட்டுப் போங்க." நான் எங்கே முறைத்தேன்? சும்மாதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால் அத்தையும் அதே பாட்டு: "வாக்கப்பட்டு வந்தப்ப தல நிமிந்து பாக்காத பிள்ள. இப்பக் கண்ண உருட்டி உருட்டிப் பாக்குறா." இந்த ஊரில் என் பார்வைக்குக் கூட நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எழுத வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமை வகுப்பில் ஒரு சின்னப் பெண் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு அடித்துவிட்டேன். ஓங்கி அடித்துவிட்டேன், மலையம்மா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பிள்ளை மேலும் கை வைத்தவள் இல்லை நான். அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். அதற்கப்புறம் எனக்கு வகுப்புக்குப் போகவே கால் வரவில்லை.

லேகியம் தீரப் போகிறது. இன்னொரு டப்பா அனுப்புவாயா?

அன்னக்கொடி

---

கொல்லங்கோடு
22.12.1983

மதினி,

லேகியத்தை உடனே நிறுத்துங்கள். மிச்சமிருப்பதை வாய்க்காலில் கொட்டிவிடுங்கள். தந்தி கொடுக்கலாம் என்று போஸ்ட் ஆபீஸ்வரை போய்விட்டேன். தந்தி என்றால் அம்மா யாரோ செத்துப்போனதாக நினைத்து ஒப்பாரி வைத்துவிடுவாள் என்று திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

கண்ணாடி முன்னால் நில்லுங்கள். நேராகப் பாருங்கள். கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிகிறதா? ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டே கழுத்தைப் பாருங்கள். தொண்டைக்குழிக்குச் சற்று மேலே ஏதாவது ஏறி இறங்குகிறதா? இரண்டும் இருந்தால் நீங்கள் யாரையும் முறைக்கவில்லை மதினி. உங்கள் கண்ணை நோய் வெளியே தள்ளுகிறது.

பார்க்க வேண்டும், தொட வேண்டும், பிறகு கேட்க வேண்டும். எங்களுக்கு முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுத்த பாடம் இது. நான் கடிதத்தில் கேட்டதை வைத்து மட்டும் மருந்து கொடுத்துவிட்டேன். அமுக்கரா சூடு. எரிகிற அடுப்பில் நானே விறகு வைத்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. என் மேலேயே எனக்குக் கோபமாக வருகிறது.

நாளைக்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போய் நல்ல இங்கிலீஷ் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு சுரப்பியாக இருக்குமோ என்று நாத்தனார் சந்தேகப்படுகிறாள் என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அவர் புரிந்துகொள்வார்.

மலையம்மாள்

---

அலங்காநல்லூர்
20.1.1984

அன்புள்ள மலையம்மா,

நீ சந்தேகப்பட்டதுதான். ரத்தத்தை எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறதாம். கிரேவ்ஸ் நோய் என்று பேர் சொன்னார் டாக்டர். நான் வாத்தியாரம்மா என்று தெரிந்ததும் பொறுமையாகவே விளக்கினார். நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் சக்தியே ஆள் தெரியாமல் போய் அந்தச் சுரப்பியை விரட்டு விரட்டு என்று விரட்டுகிறதாம். எனக்கு இப்படிப் புரிந்தது: ஹெட்மாஸ்டருக்குத் தெரியாமல் யாரோ பள்ளிக்கூட மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டர் சிரித்துவிட்டு, "அதேதாம்மா" என்றார்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். கழுத்து வீக்கம் ஆடி மாதத்திலேயே எனக்குத் தெரியும். முந்தானையைச் சுற்றிப் போட்டு மூடிக்கொண்டே திரிந்தேன். பொட்டப்பிள்ளையைப் பெற்றவள் கழுத்தில் கட்டி என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குச் சோலையை யார் கேட்டு வருவார்கள்? டாக்டர் முந்தானையை எடுக்கச் சொன்னபோது உன் அண்ணன் பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகு, "எங்கிட்டக்கூடவா சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேலேயே சாப்பிட வேண்டியிருக்குமாம். இங்கே ஜல்லிக்கட்டுக்கு வந்த சொந்தமெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. "வீட்டுலயே வைத்தியச்சிய வச்சுக்கிட்டு எதுக்கு இங்கிலீசு மாத்திர? சூடு ஏத்தும்" என்கிறார்கள். உன் அண்ணனுக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நீயே சொல். மாத்திரையை விட்டுவிட்டு உன் மருந்தை மட்டும் சாப்பிட்டால் இது தீருமா?

அன்னக்கொடி

---

கொல்லங்கோடு
27.1.1984

அன்புள்ள மதினி,

தீராது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விளக்கம்.

எங்கள் நூல்களில் தைராய்டு என்ற பேரே கிடையாது. கழுத்து வீக்கத்தைத் தனி நோயாகச் சொல்லியிருக்கிறார்கள், அதற்கு மந்தாரைப் பட்டை சேர்ந்த குக்குலுப் பிசின் மாத்திரை உண்டு. ஊரில் யாராவது அதை வாங்கிக் கொடுத்தால் தொடாதீர்கள். அது வீக்கத்தை மட்டும் பார்த்துச் சொன்ன மருந்து. உங்களுக்கு நடப்பதோடு எனக்குப் பொருந்தித் தோன்றுவது பஸ்மகம் என்று அவர்கள் சொன்ன நோய். வயிற்றின் அக்கினி மிஞ்சிப்போய், தின்றதையெல்லாம் சாம்பலாக்கிவிட்டு, பிறகு உடம்பையே எரிக்கத் தொடங்கும். தாங்காத பசி, வேர்வை, எரிச்சல், இளைப்பு எல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. படித்தபோது இப்படி ஒரு ஆளை நான் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன். என் மதினியே வந்து நிற்கிறீர்கள்.

அதற்கு அவர்கள் சொன்னது குளிர்ச்சியான, கனமான சாப்பாடு. பால், நெய், பச்சரிசிச் சோறு, வெண்பூசணி, மோர். தாராளமாகச் சாப்பிடுங்கள், இளைத்த உடம்புக்கு வேண்டும். காப்பியை விடுங்கள், படபடப்பைக் கூட்டும். மிளகாயைக் குறையுங்கள். தலைக்குக் குளிர்ச்சியான எண்ணெய் அனுப்புகிறேன், தூக்கத்துக்கு ஆகும். உள்ளுக்குச் சாப்பிட நான் எதுவும் அனுப்பப் போவதில்லை. இதெல்லாம் உடம்புக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். நீங்கள் சொன்ன அந்த மணியை நிறுத்த என்னிடம் மருந்து இல்லை. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு என் கஷாயத்தைக் குடியுங்கள் என்று நான் சொன்னால், அது படிப்புக்கே துரோகம். அண்ணனிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

ஒன்று முக்கியம். இந்த மாத்திரை சாப்பிடும்போது தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் வீட்டில் மிளகுரசம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள்.

மாசியில் நடந்ததை நான் அடியோடு மறந்துவிட்டேன். அன்றைக்குக் கத்தியது நீங்கள் இல்லை, அந்தச் சுரப்பிதான். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இன்றைக்கே தனிக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன்: "மதினி பேசியதெல்லாம் நோயில் பேசியது, ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று. இனி உங்கள் மேல் யாருக்கும் வருத்தம் இருக்காது.

மலையம்மாள்

---

அலங்காநல்லூர்
14.2.1984

அன்புள்ள மலையம்மா,

கை நடுக்கம் நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். இரவில் தூங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள், இப்போது தானாகவே பக்கத்தில் வந்து நிற்கிறாள். கண் இன்னும் பழையபடி ஆகவில்லை, நாளாகும் என்கிறார் டாக்டர். உன் எண்ணெயும் நெய்ச் சோறும் சுகமாக இருக்கின்றன. உனக்கு நான் கடன்பட்டவள்தான்.

ஆனால் நீ போட்டாயே அந்தத் தனிக் கடிதம், அது என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது.

எல்லாரும் என்னை மன்னித்துவிட்டார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் மன்னிக்கிறார்கள். அத்தை எதிர்வீட்டில் போய், "பாவம், சீக்குல கேட்டுருக்கா தனி வீடு. நாமதான் தப்பா நெனச்சுப்புட்டோம்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இப்போது நான் வாயைத் திறந்தாலே ஒரே கேள்விதான். குழம்பில் உப்பு இல்லை என்றேன். "மாத்திர போட்டியா?" மாட்டுக்கொட்டகையைக் கழுவ ஆள் வைக்கலாம் என்றேன். "மாத்திர போட்டியா?" சோலை கூட அன்றைக்குப் படிக்கச் சொன்னதற்குக் கேட்டுவிட்டாள், "அம்மா, மாத்திர போட்டியா?" முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைத்தால் அதற்கும் அதே கேள்வி வருமே!

காளவாசலில் நான் பார்த்து வைத்திருந்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. சித்திரைக்குள் சொல்லச் சொன்னார் வீட்டுக்காரர். உன் அண்ணனிடம் போன வாரம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுதான் கொணமாயிருச்சே, இன்னும் என்ன வீடு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வீட்டை நான்தான் ஆசைப்பட்டேனா, இல்லை என் கழுத்தில் இருக்கிற அந்தக் கட்டிதான் ஆசைப்பட்டதா? இப்போது வாய் வர மாட்டேன் என்கிறது. பத்துப் பேர் முன்னால் நின்று கேட்ட அந்தத் துணிச்சலைக் காணோம். ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டால் அது திரும்பி வருமோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். நேற்றுக் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்படியில் நின்றேன். கடைசியில் போட்டுக்கொண்டேன். நாளைக்கு என்ன செய்வேனோ தெரியாது.

அன்னக்கொடி

---

கொல்லங்கோடு
18.2.1984

மதினி,

நிறுத்தாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பாதியில் நிறுத்தினால் துணிச்சல் வருகிறதோ இல்லையோ, நெஞ்சுத் துடிப்பு தறிகெட்டு ஓடும். உயிருக்கே ஆபத்தாக முடியும். சோலையை ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க நீங்கள் இருக்க வேண்டாமா?

அந்தக் கடிதத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. நல்லது செய்வதாக நினைத்து உங்கள் வாயை அடைத்துவிட்டேன். நோய் ஒருவரைக் கத்த வைக்கும், வாளியைத் தூக்கி எறிய வைக்கும். அதெல்லாம் சரி. ஆனால் காளவாசலில் வீடு பார், சோலையைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர் என்றெல்லாம் ஒரு சுரப்பிக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வேலைக்குச் சேர்ந்த வருஷமே என்னிடம் இதைச் சொன்னீர்கள். மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தோமே, அன்றைக்கு. அப்போது கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆசையை நோய் என்று சொல்வது எனக்கும் வசதியாக இருந்தது. நான் இங்கே மலையடிவாரத்தில் நிம்மதியாக வைத்தியம் பார்க்க முடிகிறது என்றால், அங்கே அம்மாவுக்குச் சோறு போட நீங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான். நீங்கள் கிளம்பினால் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்வி நேராக என்னிடம் வரும். அன்றைக்குப் பந்தியில் நான் ராங்கி என்று சொன்னதற்கும் காரணம் அதுதான். அம்மாவை வருஷத்தில் பாதி நாள் நான் வைத்துக்கொள்கிறேன். அவளுக்கே எழுதுகிறேன்.

ஆனால் வீட்டு விஷயத்தை அண்ணனுக்கு எழுத மாட்டேன். எழுதினால், அன்னக்கொடி பேசுவதற்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும் என்றாகிவிடும். இந்த மாசிக்கு எனக்கு வைத்தியசாலையில் லீவு கிடைக்காது, பிழிச்சல் எண்ணெய்ச் சிகிச்சைக்கு ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். நான் இல்லாததும் நல்லதுக்குத்தான். பங்காளிகள் கூடுவார்கள். அங்கேயே, அவர்களிடமே நீங்கள் கேளுங்கள். கை நடுங்காமல் கேளுங்கள்.

மலையம்மாள்

---

அலங்காநல்லூர்
4.3.1984

அன்புள்ள மலையம்மா,

குலசாமி கும்பிட்டுவிட்டு வந்தோம். கிடா வெட்டு முடிந்து பந்தி போட்டார்கள். நான்தான் குழம்பு ஊற்றுவேன் என்று வாளியை எடுத்தேன். கண்ணுச்சாமி மாமா என்னைப் பார்த்ததும் வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் இலையோடு நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டுச் சிந்தாமல் கடைசி இலைவரை ஊற்றினேன்.

எல்லாரும் கை கழுவி வெற்றிலை போட உட்கார்ந்ததும் நானும் போய் உட்கார்ந்தேன். "மாமா, போன வருசம் இதே எடத்துல ஒண்ணு கேட்டேன். இப்பவும் அதத்தான் கேக்குறேன். காளவாசல்ல எங்களுக்கு ஒரு வீடு பாக்கணும். ரெண்டு பஸ் மாறி என்னால முடியல. சோலைய டவுன்ல சேக்கணும். அவரு வண்டியில வந்து வெவசாயத்தப் பாத்துட்டுப் போகட்டும். அத்தைய நான் அனாதையா விட்டுட்டுப் போகல" என்றேன்.

அத்தைதான் பெண்கள் பக்கமிருந்து மெதுவாகக் கேட்டார்கள், "அன்னக்கொடி, இன்னைக்கி மாத்திர போட்டியாத்தா?"

"போட்டேன் அத்தை. காலையிலயே போட்டேன். இந்தா பாருங்க, கை ஆடல. போன வருசம் சீக்குல கத்துனேன், அதுக்கு எல்லார் கால்லயும் விழுகுறேன். ஆனா இப்பச் சீக்கு அடங்கித்தான் கேக்குறேன். எனக்கு வீடு வேணும்."

கண்ணுச்சாமி மாமா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார். "கத்துனா, போடி கிறுக்கின்னுட்டுப் போயிரலாம். இப்பிடிக் கேட்டா என்னத்தச் சொல்றது? ஏலே பேயாண்டி, நீதான் பதில் சொல்லணும்" என்றார்.

உன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வீடு வந்து சேர்கிறவரைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் போய்விட்டது. கேட்டது நான்தான்.

உன் கடிதம் அத்தைக்கு வந்தது. "கேரளாவுக்கா? தேங்காயெண்ணெயில பொரிச்சதத் திங்கவா?" என்று கேட்டார்கள். ஆனால் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார்கள்.

அன்னக்கொடி

---

கொல்லங்கோடு
11.3.1984

அன்புள்ள மதினி,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். மாமா வேட்டியைச் சுருட்டிக்கொண்டதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நோயாளி எழுந்து வந்து என்ன என்று கேட்டார்.

அண்ணன் பேசாமல் இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சின்ன வயசிலிருந்தே அவன் முடியாது என்றால் உடனே சொல்லிவிடுவான். யோசிக்கும்போதுதான் வாயைத் திறக்க மாட்டான். இந்த மாதம் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டியிருக்குமே, போனீர்களா?

மலையம்மாள்

---

காளவாசல், மதுரை
17.6.1984

அன்புள்ள மலையம்மா,

மேலே விலாசத்தைப் பார்த்திருப்பாய். வைகாசிக் கடைசியில் பால் காய்ச்சினோம். உன் அண்ணன் என்னிடம் சொல்லாமலே பங்குனியில் இங்கே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்காரர்தான் என்னிடம் சொன்னார். அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, "அந்த வீட்டுல கெணத்துத் தண்ணி உப்பு. குடிக்கிறதுக்கு வெளியிலதான் புடிக்கணும், தெரியும்ல?" என்றார். அதுதான் அவர் சரி என்று சொன்ன விதம்.

சோலை ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். பரவைக்கு எனக்கு இப்போது ஒரே பஸ், பல நாள் உட்கார இடம் கிடைக்கிறது. எடை ஏறுகிறது. ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது என்று மாத்திரையைக் குறைத்திருக்கிறார் டாக்டர். நிறுத்த இன்னும் நாளாகும், நிறுத்திய பிறகு சிலருக்குத் திரும்ப வருவதும் உண்டு, வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அத்தை ஆடி பிறந்ததும் உன்னிடம் வருகிறார்களாம். தேங்காயெண்ணெய் ஆகாது என்று நல்லெண்ணெய் ஒரு டின் கட்டி வைத்திருக்கிறார்கள்.

உனக்கு இதைச் சொல்லத்தான் கடிதத்தையே எடுத்தேன். முந்தாநாள் எனக்கும் உன் அண்ணனுக்கும் பெரிய சண்டை. வயலிலிருந்து வந்தவர் சேற்றுக் காலோடு நேரே நடுவீட்டுக்குள் வந்துவிட்டார். அப்போதுதான் மெழுகியிருந்தேன். நன்றாகக் கத்திவிட்டேன். என்ன கேட்கப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? என்னைவிடச் சத்தமாகக் கத்தினார். "நாள் பூரா வெயில்ல காஞ்சுட்டு வாரேன், கால் கழுவத் தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா? டவுன்ல வீடு கேக்கத் தெரியுது, தண்ணி புடிச்சு வைக்கத் தெரியல!" என்றார். நானும் விடவில்லை. அவரும் விடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டோம்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு, மலையம்மா! நோயாளியிடம் யாரும் அப்படிக் கத்த மாட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கோபம் போகாமலேதான் அவருக்குச் சோறு போட்டேன்.

அன்னக்கொடி